அத்தான் ஆகாதவரின் ரேடியோ

மைக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு தன் சதித்திட்டத்தை விலாவாரியாக விளக்கிய முதல் ஆள், எங்கள் விமானத் திடலில் நான்தான்.

அந்த இரண்டு இருக்கை விமானம் பழைய ரேடியோவோடு என்னிடம் பழுதுபார்க்க வந்திருந்தது. உரிமையாளரை எல்லாரும் கேப்டன் என்பார்கள். எனக்கு அத்தான் ஆகியிருக்க வேண்டியவர். கல்யாணப் பத்திரிகை அடித்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தும் முடித்த பிறகு, ‘என்னால முடியாது, மன்னிச்சிடு’ என்று அக்காவின் போனுக்கு ஒரே ஒரு வரி அனுப்பிவிட்டுக் கழன்றுகொண்டார்.

அக்காவுக்கு இதே திடலின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை. “அவனை மன்னிச்சிட்டியாக்கா?” என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று. “போய் வேலையப் பாருடா” என்பாள். சரி, அவள் சார்பில் நானே பழிவாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு அதெல்லாம் ஒரு தடையே இல்லை.

ரேடியோவில் பெரிதாக ஒன்றுமில்லை. பின்புற இணைப்பு முனைகளில் பச்சைப் பச்சையாகக் களிம்பு. சுத்தம் செய்து மாட்டினால் தீர்ந்தது. கேப்டனுக்குப் போன் செய்து, “சார், இது செத்துப்போச்சு. புதுசுதான் போடணும். வந்து சேர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் வண்டி ஷெட்லதான்” என்றேன். பறக்க முடியாமல் துடிப்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

“அவசரமில்ல தம்பி. மெதுவாவே பண்ணுங்க.”

எரிச்சலோடு எரிச்சலாக, கை சும்மா இருக்காமல் களிம்பைத் துடைத்து ரேடியோவை மாட்டிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. அப்போதுதான் எரிபொருள் வண்டி ஓட்டும் தடியண்ணன் வண்டியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, ஆச்சா?”

“ஆச்சுண்ணே. ஆனா ஆகலைன்னு சொல்லியிருக்கேன்.”

“அதென்னடா கணக்கு?”

நான் விமானி இருக்கையில் நன்றாகச் சாய்ந்து கணக்கைச் சொன்னேன். எங்கக்காவை அழவிட்டவன் இந்த வருஷம் முழுக்கத் தரையிலேயே நடக்கட்டும், இறக்கையில சிலந்தி கூடு கட்டட்டும், டயர்ல காத்து தானா இறங்கட்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

தடியண்ணன் முகம் மாறியது. “டேய், உன் குரல் என் வண்டிக்குள்ளேர்ந்தும் வருதுடா.”

பதறி எழுந்தேன். கைமைக் எனக்கடியில் இருந்தது. அதன் பொத்தானை என் உடம்பின் மிகக் கனமான பகுதி அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. திடலில் யார் யாரிடம் ரேடியோ இருந்ததோ அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். மேலே பறந்துகொண்டிருந்த யாரோ ஒரு புண்ணியவான், “செத்துப்போன ரேடியோ ரொம்பத் தெளிவாக் கேக்குது” என்று சான்றிதழ் வேறு கொடுத்தார்.

அடுத்து அக்காவின் குரல். “டவர் பேசுது. எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாருங்க. மெக்கானிக் அங்கேயே இருக்கவும்.”

இடத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நேரே ஷெட்டுக்கு வந்தாள். தடியண்ணனுக்குத் திடீரென்று எங்கோ அவசர வேலை வந்துவிட்டது.

“ரேடியோ நல்லாருக்கா, இல்லையா?”

“நல்லாருக்கு.”

“அப்போ அவனைக் கூப்பிட்டு ரெடின்னு சொல்லு.”

“அக்கா, உனக்காகத்தான்...” “சத்தியமாச் சொல்லு. அவனை மன்னிச்சிட்டியா?”

இந்த முறை வேலையைப் பார்க்கச் சொல்லவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இல்லடா. மன்னிக்கல. மன்னிக்கப்போறதுமில்ல. ரேடியோ கேக்கலைன்னு சாக்குச் சொல்லி, இத்தனை நாளா டவர்லேர்ந்து நாங்க காட்டுற பச்சை விளக்கைப் பாத்தே ஏறி இறங்கிட்டிருந்தான். என்கிட்டப் பேச வேண்டாம் பாரு! மேலிடத்துல கண்டிச்ச பிறகுதான் உன்கிட்டக் கொண்டாந்து விட்டான். நீ என்னடான்னா மாசக்கணக்குல அவனுக்கு லீவு வாங்கித் தர்றே. ஒழுங்கா சரிபண்ணிக் குடு. ஒவ்வொரு தடவை ஏறவும் இறங்கவும் அவன் வாயைத் தொறந்து என்கிட்ட அனுமதி கேக்கணும். ‘காத்திருக்கவும்’னு நான் சொல்லணும்.”