வெயில் படாத சோதனை

அந்த ஆய்வுக்கூடத்தில் விருந்தினர் இருக்கும்வரை எவரும் ஜன்னல் திரையில் கை வைப்பதில்லை. இதை யாரும் எழுதிவைக்கவில்லை, வாய்விட்டுச் சொன்னதுமில்லை. கூரை விளக்கின் ஒளியிலேயே தகவல் அனுப்பும் கருவி அவர்களுடையது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளக்கு துடிக்கும். டேப்லெட்டின் மேல்முனையில் ஒட்டிய உணரி அந்தத் துடிப்பைப் படிக்கும். வெயில் புகுந்தால் உணரிக்குக் கண் கூசிவிடும். ஆகவே திரைகள் மூடியே கிடந்தன.

இருட்டோடு சில விசித்திர வழக்கங்களும் அவர்களுக்குத் தொற்றியிருந்தன. நீர் தளும்பும் தட்டைப்போல டேப்லெட்டை மல்லாக்கப் பிடித்தே நடந்தார்கள். வயரிங் பார்க்கும் நெட்டையர் எப்போதும் விளக்கை மறைத்து நிற்பதால், அவருக்குக் 'கிரகணம்' என்றே பெயராகிவிட்டது.

உணரியை வடிவமைத்தவளுக்கு மட்டும் மனம் ஒரு நிலையில் இல்லை. கருவி போகவிருந்தது அவள் அக்கா செவிலியாக இருக்கும் வார்டுக்கு. நோயாளியின் நாடி தடுமாறினால், எச்சரிக்கை இந்த விளக்கு வழியாகத்தான் செவிலியின் கைக்கு வரும்.

"உங்க வார்டுல ஜன்னல் எப்படிக்கா?" என்று சோதனைக்கு முந்தின நாள் போனில் கேட்டாள்.

"சுவரே ஜன்னல்தான்டி. திரையும் கிடையாது. காலைல வெயில் வந்து கட்டில்ல படுத்துக்கும். ஏன் கேக்கிற?"

"சும்மாதான்."

"நீ சும்மா கேக்கிற ஆளா?"

நீல ஒளியை மட்டும் விடும் கண்ணாடியைப் பொருத்தி, அவள் வேறோர் உணரி செய்திருந்தாள். ஒருமுறை தனியாக வெயிலில் வைத்துப் பார்த்தாள். திக்கித் திணறியும் அறுபடவில்லை. குழுத் தலைவரிடம் சொன்னபோது, "முதல்ல ஆஸ்பத்திரிக்காரங்க சரின்னு சொல்லட்டும்மா. இப்பப் போய் ஊதிப் பெருசாக்காதே" என்று வாயை அடைத்துவிட்டார்.

சோதனையைப் பார்க்க அந்த வார்டின் தலைமைச் செவிலி வந்தார். "ஏன் இவ்ளோ இருட்டு? யாராச்சும் தூங்குறாங்களா?"

"படம் பளிச்சுன்னு தெரியணும்ல மேடம்!" தலைவர் சிரித்தார். கிரகணம் பவ்யமாக ஓரம் ஒதுங்கினார். மேசைமேல் இருந்த டேப்லெட்டில் நாடிக் கோடுகள் மின்னலாக ஓடின.

"எனக்குத் திருப்தி. அடுத்த வாரமே மாட்டிடுங்க."

அவள் புது உணரி ஒட்டிய தன் டேப்லெட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். "மேடம், உங்க வார்டுல திரையே இல்லன்னு கேள்விப்பட்டேன். அப்ப இங்கயும் வேணாம்." திரையை ஒரே இழுப்பில் ஒதுக்கினாள்.

வெயில் கொட்டியது. பழைய டேப்லெட் அப்படியே உறைந்தது. அவளுடையதில் கோடு தடுமாறி, மெல்ல நகர்ந்தது.

"ஏம்மா, கொஞ்சம் பொறுத்தா என்ன?" தலைவரின் குரல் கம்மியது.

"இது மெதுவாத்தான் வரும் மேடம், ஆனா வரும். யாராவது விளக்கை மறைச்சா இதுவும் நின்னுடும். பக்கத்துல இன்னொரு விளக்கு வேணும். ரெண்டு மாசம் குடுங்க."

"என்னை ஏன்யா எல்லாரும் பாக்குறீங்க?" என்றார் கிரகணம்.

தலைமைச் செவிலி சிரிக்கவில்லை. டேப்லெட்டில் நகர்ந்துகொண்டிருந்த கோட்டையே பார்த்தார். "ரெண்டு மாசம் எடுத்துக்கோங்க. ஆனா எங்க வார்டுல ரெண்டு பக்கமும் ஜன்னல். இங்க அந்தப் பக்கத் திரையையும் திறம்மா, பாப்போம்."

இரண்டையும் திறந்து அவளே பார்த்ததில்லை. தலைவர் இருக்கையிலிருந்து பாதி எழுந்தார். அவள் அறையைக் கடந்து போய், அடுத்த திரையையும் இழுத்தாள்.