ஏழுமலை காரின் நீலப் புல்லி

ஏழுமலை தன் காருக்கு நீல நிறத்தில் புதுப் புல்லி மாட்டிய சேதி சித்தூர் டாக்ஸி ஸ்டாண்டில் ஒரே நாளில் பரவிவிட்டது. பரப்பியது அவரேதான். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். இஞ்சினின் முன்பக்கம், பெல்ட் ஓடும் இடத்தில், அந்த அலுமினியச் சக்கரம் நகைக்கடைப் பொருள் மாதிரி மின்னியது.

பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை வரும் பார்ட்ஸ் வியாபாரி சிட்டிபாபு விற்றது அது. "கம்பெனி இரும்புப் புல்லி ரெண்டு கிலோ. இது அரைக் கிலோ கூட இல்ல. இஞ்சின் தூக்கிச் சுத்த வேண்டிய பாரம் கொறையுது. பிக்கப் ஏறும், மைலேஜ் ஏறும்" என்று சொல்லி, முதல் புல்லியை ஏழுமலைக்குப் பாதி விலைக்கே கொடுத்தான். ஏழுமலை வாங்கினால் ஸ்டாண்டே வாங்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

அவன் போட்ட கணக்கு தப்பில்லை. பூதலப்பட்டில் ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பத்தில் பிறந்து, மாங்கூழ் ஃபேக்டரியில் கூடை தூக்கி, லாரி கிளீனராகி, பதினெட்டு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டி, மூன்று வருஷத்துக்கு முன்புதான் சொந்தமாக ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கியவர் ஏழுமலை. வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

"எப்படி இருக்குது அண்ணா?" என்று கேட்டான் துலுக்காணம். ஸ்டாண்டில் அவருக்கு அடுத்து வண்டி நிறுத்துகிறவன்.

"பறக்குது. சந்திரகிரி தாண்டி ஒரு மிதி மிதிச்சேன் பாரு, சும்மா அம்பு மாதிரி போவுது."

அந்த வாரத்திலேயே ஒன்பது டிரைவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று சிட்டிபாபுவுக்கு போன் போட்டுப் பேர் கொடுத்தார்கள்.

மே மாத லீவுக்கு சந்தியா வீட்டுக்கு வந்தாள். ஏழுமலையின் ஒரே மகள். திருப்பதியில் மெக்கானிக்கல் இஞ்சினியரிங் மூன்றாம் வருஷம். அவள் வகுப்பில் அறுபது பேர். பெண்கள் நான்கு பேர். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு அழைத்து வருகிற வழியிலேயே ஏழுமலை பானெட்டைத் திறந்தார்.

சந்தியா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "நைனா, பழைய புல்லி எங்க?"

"டிக்கில கெடக்குது. எதுக்கு?"

அவள் அதை எடுத்துப் புரட்டினாள். இரும்புக்கு நடுவில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் ஓடியது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "இது சும்மா வெக்கல நைனா. இஞ்சினுக்குள்ள பெட்ரோல் ஒவ்வொரு வாட்டி வெடிக்கும்போதும் அதைச் சுத்தற கிராங்க் தண்டு லேசா முறுக்கிக்கும். அந்த அதிர்வை இந்த ரப்பர் வாங்கிக்கும். உன் நீலத்துல அது இல்ல. அளவும் சின்னது."

"அதனால இன்னா? வண்டி பறக்குதே."

"பறக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஏழுமலைக்குச் சுருக்கென்றது. "இருபது வருஷத்துக்கு மேல ஸ்டியரிங் பிடிச்சிக்கினு இருக்கறேன். என் காலுக்குத் தெரியாதா?"

"தெரியும்னா ஒரு சோதனை வெக்கலாமா?" என்றாள் சந்தியா. கேலியாக இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

மறுநாள் இருவரும் மெக்கானிக் இஸ்ரேலின் ஷெட்டுக்குப் போனார்கள். மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. இஸ்ரேல் அதிகம் பேசாத மனுஷர். சந்தியா தன் திட்டத்தைச் சொன்னாள். எட்டு நாள். தினமும் சாயங்காலம் வண்டி ஷெட்டுக்கு வரும். இஸ்ரேல் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டுவார். தலை விழுந்தால் நீலம், பூ விழுந்தால் இரும்பு. எது மாட்டியிருக்கிறது என்பதை அவர் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வைக்க வேண்டும். யாரும் பானெட்டைத் திறக்கக் கூடாது.

"உனக்கு மட்டுமாவது சொல்லட்டுமா பாப்பா?" என்றார் இஸ்ரேல்.

"எனக்கும் தெரியக் கூடாது மாமா. தெரிஞ்சா நானே எனக்கு வேண்டிய மாதிரி கடிகாரத்தை அமுக்கிடுவேன்."

காலையில் ஆறு மணிக்கு வண்டி கிளம்பும். பூதலப்பட்டு தாண்டி நேர் ரோடு வரும் இடத்தில், மூன்றாவது கியரில் நாற்பதிலிருந்து எண்பது வரை முழு மிதி. சந்தியா முன்சீட்டில் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்து, அதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்வாள். பின்சீட்டில் அவள் அம்மா ரத்னம்மா. அவளை எதற்குக் கூட்டிப் போக வேண்டும் என்று ஏழுமலை கேட்டதற்கு, "பாசஞ்சர் இருந்தாத்தான் நம்ம வண்டி நெஜமா ஓடற மாதிரி இருக்கும். தினமும் ஒரே எடையா இருக்கணும்" என்றாள் சந்தியா.

"அப்போ எட்டு நாளைக்கு நான் நல்லா துன்னக் கூடாதா?" என்று கேட்டுச் சிரித்தாள் ரத்னம்மா.

ஒவ்வொரு நாளும் ஓட்டி முடித்ததும், மாட்டியிருப்பது நீலமா இரும்பா என்று ஏழுமலை சொல்ல வேண்டும். சந்தியா எழுதிக்கொள்வாள். முதல் நாள் "நீலம்" என்றார், யோசிக்காமல். இரண்டாம் நாளும் நீலம். மூன்றாம் நாள், "இன்னிக்கு இரும்பு. மாடு மாதிரி இழுக்குது" என்று முகத்தைச் சுளித்தார். ஆறாம் நாள் பெரிய குஷி. "இன்னிக்கு மட்டும் இது நீலம் இல்லன்னா, லைசென்ஸை இஸ்ரேல் கையில குடுத்துடறேன். பாரு, எப்படித் துள்ளுது!"

எட்டாம் நாள் ஷெட்டில் மூவரும் நின்றார்கள். இஸ்ரேல் பீரோவைத் திறந்து நோட்டை எடுத்து, ஒவ்வொரு நாளாகப் படித்தார். சந்தியா தன் தாளில் குறி போட்டுக்கொண்டே வந்தாள். முதல் நாள் இரும்பு. இரண்டாம் நாள் நீலம். மூன்றாம் நாள் நீலம்.

"மாடு மாதிரி இழுத்துச்சே, அதுவா?" என்றாள் ரத்னம்மா.

ஆறாம் நாள் என்று இஸ்ரேல் நிறுத்தி, ஏழுமலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இரும்பு" என்றார்.

எட்டில் மூன்றுதான் சரி. கடிகாரமும் அதையே சொன்னது. நீலம் ஓடிய நாட்களுக்கும் இரும்பு ஓடிய நாட்களுக்கும் நடுவில் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம். இரும்பே ஓடிய இரண்டு நாட்களுக்கு நடுவில் அதைவிட அதிக வித்தியாசம் இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு புல்லியோடும் டாங்க் நிறைத்து திருப்பதி போய் வந்து மைலேஜ் பார்த்தார்கள். ஒன்றும் மாறவில்லை. கடைசியாக, இஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டு, நிழலில் இருபது நிமிஷம் நிறுத்தினார்கள். நீலத்தோடு வண்டிக்குள் நாலு டிகிரி சூடு அதிகமாக இருந்தது.

"சின்னப் புல்லி பெல்ட்டை மெதுவா ஓட்டுது. அதனால ஏசியும் டைனமோவும் மெதுவா சுத்துது" என்றாள் சந்தியா.

ஏழுமலை வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தார். அன்றைக்கு முழுக்க அவருக்கு மனசே சரியில்லை. தோற்றது கூடப் பெரிதில்லை. அவர் சொன்னார் என்பதற்காக ஒன்பது பேர் பேர் கொடுத்திருக்கிறார்கள். நாளை மறுநாள் சிட்டிபாபு சரக்கோடு வருகிறான். சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இஸ்ரேல் வாயே திறக்க மாட்டார்.

சாயங்காலம் மகளின் தாளை எடுத்துப் பார்த்தார். கட்டம் கட்டி, தேதி போட்டு, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது வரை எழுதியிருந்தாள். அவர் சொன்னதைத் தப்பு என்று அடிக்காமல், "டிரைவரின் கணிப்பு" என்று மரியாதையாகத் தனிக் கட்டம் போட்டிருந்தாள். அதைப் படிக்கப் படிக்க அவருக்குள் ஏதோ இளகியது. 'உனக்கு எப்படித் தெரியும்' என்ற கேள்வியை இத்தனை வருஷத்தில் தன்னைத்தானே ஒரு தடவையாவது கேட்டதுண்டா என்று யோசித்தார். கேட்டதில்லை. ஸ்டாண்டில் ஒருவரும் கேட்டதில்லை.

"இதை எனக்கு நல்லா பெருசா எழுதிக் குடு. தமிழ்லயும் எழுது, தெலுங்குலயும் எழுது" என்றார்.

சிட்டிபாபு அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கியபோது ஸ்டாண்டு நிறைந்திருந்தது. "ஏமண்டி ஏழுமலைகாரு, பாகுன்னாரா?" என்று தெலுங்கில் சிரித்தபடி நலம் விசாரித்தான். ஏழுமலை தன் கார்மேல் அந்தத் தாளை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தார்.

"எல்லாரும் கேளுங்கப்பா. பறக்குதுன்னு சொன்னேன் இல்ல? தப்பா சொல்லிட்டேன். என் பொண்ணு சோதனை வெச்சா. கண்ணைக் கட்டாத குறையா ஓட்டினேன். எட்டுல அஞ்சு தோத்துட்டேன்."

கூட்டம் சிரித்தது. சிட்டிபாபுவும் சிரித்தான். "காலேஜ் பொண்ணு பேச்சைக் கேட்டுக்கினு வியாபாரம் பண்ண முடியுமா?"

"அப்போ நீ ஓட்டு" என்று ஏழுமலை சாவியை நீட்டினார். "இப்போ எந்தப் புல்லி மாட்டியிருக்குதுன்னு சொல்லு. சரியா சொன்னா நானே இன்னொண்ணு வாங்கிக்கறேன்."

சிட்டிபாபு சாவியை வாங்கினான். ரெட்டிகுண்டா வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். இறங்கிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். "நீலம்" என்றான். துலுக்காணம் பானெட்டைத் தூக்கினான். பழைய இரும்புப் புல்லி, எண்ணெய்க் கறையோடு.

அப்போது யாரும் சிரிக்கவில்லை. சந்தியா சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். சிட்டிபாபு அவளிடம் போனான். "அப்போ இது மோசடியாம்மா? நான் நம்பித்தான் வித்தேன்."

"மோசடி இல்லண்ணா. ரேஸ் வண்டிக்குப் பிரயோஜனம் உண்டு. அங்க வேகம் ஏறி ஏறி இறங்கும், துளி வித்தியாசமும் கணக்கு. அவங்க இஞ்சினையும் அடிக்கடி பிரிச்சுப் பார்ப்பாங்க. நம்ம வண்டி பத்து வருஷம் ஓடணும். பாசஞ்சர் ஏசி கேட்பாங்க."

அவன் பெட்டிகளைத் திரும்ப ஏற்றினான். போகும்போது அந்தத் தாளுக்கு ஒரு நகல் கேட்டு வாங்கிப் போனான். ஒன்பது பேரில் ஒருவரும் ஏழுமலையைக் குறை சொல்லவில்லை. துலுக்காணம் மட்டும் சந்தியாவிடம், "பாப்பா, என் வண்டிக்கு ஒரு மைலேஜ் பவுடர் வாங்கி பெட்ரோல்ல கலந்துக்கினு இருக்கறேன், அதையும் ஒரு கை பாரேன்" என்றான்.

அடுத்த வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் இஞ்சின் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி, கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தது. அந்தப் பக்கமெல்லாம் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். நேர்காணலில் சந்தியா இந்தச் சோதனையைப் பற்றியே அரைமணி நேரம் பேசினாள். டெஸ்டிங் பிரிவில் வேலை கிடைத்தது.

சேரும் நாளில் ஏழுமலை வண்டியை இரண்டு தடவை கழுவி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அவளை அழைத்துப் போனார். தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி கை காட்டி நிறுத்தினான்.

"மேடத்தை இறக்கிட்டு, டிரைவர் வெளிய பார்க்கிங்ல நில்லுங்க."

"அவரு எங்க நைனா" என்றாள் சந்தியா.

"டிரைவரும்தான்பா" என்றார் ஏழுமலை. அவள் இறங்கியதும், கம்பிக் கதவுக்கு அப்பால் வரிசையாக நின்ற நீளமான ஷெட்டுகளைப் பார்த்துக்கொண்டே வண்டியை மெதுவாகப் பின்னால் எடுத்தார்.