வெள்ளி ஆடிச் சோதனை

சனிக்கிழமை காலை காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து அத்தை போன் செய்தார்.

"மாப்ள, சுமித்ரா மெட்டி உங்ககிட்டத்தானுங்க இருக்கு?"

"இருக்குங்க."

"நாளைக்கு வாரேன். எடுத்து வெச்சிருங்க. ஆசாரிகிட்டக் குடுத்து உருக்கி, கோகிலவாணி காலுக்கு அளவு பாத்து அடிச்சிரலாம். எத்தன நாளைக்கு ஒத்தையாக் கெடப்பீங்க சாமி?"

கோகிலவாணி என் மனைவி சுமித்ராவின் தங்கை. நான் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. மலையில் அது ஒரு வசதி.

சுமித்ரா காய்ச்சலில் போய் ஒரு வருடம் ஆகவில்லை. விரல் வீங்கியிருந்தது. சோப்பு போட்டு மெட்டிகளை நான்தான் கழற்றினேன். அன்றிலிருந்து அவை என் பர்ஸில் இருக்கின்றன.

மலைமேல் உள்ள மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். அன்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆல்டிஹைடு சோதனை. ஆல்டிஹைடு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலமாகும். அப்போது கரைசலில் உள்ள வெள்ளி அயனி உலோகமாகிக் குழாயின் உள்சுவரில் கண்ணாடிபோல் படியும். கீட்டோன் இதைச் செய்யாது. சோதனைக்கு வெள்ளி நைட்ரேட் வேண்டும். குப்பி காலி. நாமக்கல்லில் கிடைக்கும். சோதனையைத் தள்ளிப் போட்டிருக்கலாம்.

சன்னலோரம் பீக்கரை வைத்து, இரண்டு மெட்டிகளையும் போட்டு, நைட்ரிக் அமிலம் ஊற்றினேன். பழுப்புப் புகை வந்தது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னேன்.

"சார், அது மெட்டியாட்டம் இருக்குதுங்க" என்றாள் சங்கீதா.

"வெள்ளி."

"மெட்டிங்க சார்."

"மெட்டியும் வெள்ளிதான்."

கரைசல் நீலமாகியது.

"வெள்ளி நீலமாங்க சார்?" இது சந்தோஷ்குமார்.

"செம்பு கலந்திருக்கு."

"கடைக்காரன் நல்லா ஏமாத்திப்புட்டானுங்க!"

"எல்லா நகையிலும் கலப்பாங்க. இல்லன்னா வளைஞ்சிரும்."

உப்புக்கரைசல் ஊற்றியதும் வெள்ளி மட்டும் தயிர்போல் திரண்டு அடியில் இறங்கியது. வடிகட்டிக் கழுவினேன். நீலம் போய்விட்டது. அமோனியாவில் கரைத்துச் சோடியம் ஹைட்ராக்சைடு சில துளிகள் விட்டேன். மெட்டி இப்போது தண்ணீர்போல் தெளிவாக இருந்தது.

ஆல்டிஹைடுக்குக் குளுக்கோஸ் போதும். வீட்டிலிருந்து டப்பாவை எடுத்து வந்திருந்தேன். காய்ச்சலின்போது வாங்கியது. பாதிக்குமேல் மீதி இருந்தது.

குழாய்களை வெந்நீரில் வைத்தோம். முதலில் கருத்தது. பிறகு பளபளத்தது.

"டேய், இதுல உன் மூஞ்சிகூட நல்லாத் தெரியுதுடா!"

"உனக்குப் பவுடர் பத்தல பாரு."

சங்கீதா அசிட்டோன் போட்ட குழாயைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுல ஒண்ணுமே வரலீங்க சார்."

"அது கீட்டோன். எவ்வளவு நேரம் வெச்சாலும் அப்படியேதான் இருக்கும்."

மீதிக் கரைசலை வைத்திருக்கக் கூடாது. காய்ந்தால் வெடிக்கும். அமிலம் கலந்து கொட்டினேன். குழாய்களையும் கழுவினேன், ஒன்றைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மெட்டி எங்கீங்க மாப்ள?"

குழாயைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடியாட்டம் இருக்குது?"

"அதுதாங்க மெட்டி."

"ஐயோ சாமி, கரைச்சுப்புட்டீங்களா?"

"ஆமாங்க."

"திருப்பி உருக்க முடியாதுங்களா?"

"அரை மெட்டிக்குக்கூடக் காணாதுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குழாயை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். ஒடுங்கி நீண்ட தன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். சுமித்ராவுக்கு அதே மூக்கு.

"ஒடஞ்சிருமுங்களா?"

"கீழ போட்டா ஒடையும்."

"இத நான் எடுத்துக்கறனுங்க."

கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டினேன். முந்தானையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டார். பஸ் வரும்வரை கோகிலவாணி பேச்சை எடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்து, மடிமேல் கையை வைத்துக்கொண்டார். மலை இறங்கும் வழியெல்லாம் வளைவு.

பஸ் போனபின் பர்ஸைத் திறந்தேன். உள்தோலில் இரண்டு வட்டத் தடங்கள் இருந்தன. கட்டைவிரலால் தேய்த்தேன். போகவில்லை. வீட்டுக்கு நடந்தேன்.