எரிந்தது நெஞ்சா, வயிறா?

என் வீட்டுக்காரருக்கு நாக்கில் சனி. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், காதில் போட்டுக்கொண்டால்தானே!

தங்கை சொந்தமாக வீடு கட்டிக் குடிபோனாள். நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். மாடிவீடு, படிக்கட்டுக்கு மரத்தில் கைப்பிடி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை. அவள் போட்டுக்கொண்டே இருந்தாள், நானும் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டேன். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு போய்ப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் காந்தல். தொண்டைவரை புளிப்பு ஏறியது.

அன்றிலிருந்து எரிச்சல் தினமும் வந்தது. தங்கையின் ஃபோன்தான் வரவில்லை. நான் சட்டைக் கம்பெனியில் தைத்து வரும் உருப்படிகளில் பிசிறும் பிழையும் பார்க்கிறவள். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் விடுவார்கள். ஏழு நிமிடத்தில் விழுங்கிவிட்டு மிச்ச நேரம் அவளோடு பேசுவேன். எனக்கென்று இருக்கிற கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். பதினொரு நாளாக நானாகக் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. என்ன தப்புச் செய்தேன் என்று மண்டையைக் குடைந்தும் பிடிபடவில்லை. வேலையே ஓடவில்லை.

எரிச்சலுக்காவது வழி பார்ப்போம் என்று டாக்டரம்மாவிடம் போனோம்.

"எவ்வளவு நேரத்துல சாப்பிட்டு முடிப்பீங்க?"

"ஏழு நிமிஷம்."

"ராத்திரி?"

"சாப்பிட்டதும் படுத்துருவேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இரைப்பைக்கு மேல ஒரு வாசல் இருக்கும்மா. சாப்பாடு உள்ள போனதும் அது மூடிக்கணும். நீங்க வயிறு முட்டத் திணிச்சுட்டு உடனே படுத்தா, உள்ள இருக்கற புளிப்பு அந்த வாசல் வழியா மேல வருது. கொஞ்சமா, மென்னு சாப்பிடுங்க. சாப்பிட்டு மூணு மணி நேரம் படுக்காதீங்க. இடுப்புல இவ்வளவு இறுக்கமா எதையும் கட்டாதீங்க. கட்டிலோட தலைமாட்டுக் காலுக்கு அடியில கட்டை வைங்க."

"நாலு தலகாணி வெச்சுக் குடுத்திருக்கேன் டாக்டர்" என்றார் இவர். எரிவது எனக்கு, பதில் சொல்வது அவர்.

"தலகாணிய அடுக்குனா வயிறுதான் மடங்கும் சார். கட்டையே வைங்க."

"சரி டாக்டர். இந்த வயித்தெரிச்சல் எப்பதான் தீரும்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வயித்தெரிச்சலுக்கு என்கிட்ட மருந்து கிடையாது சார். அடுத்தவங்க நல்லா இருந்தா வர்றது அது. இவங்களுக்கு நெஞ்செரிச்சல்."

இவர் சிரிக்கவில்லை. முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. என் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"அன்னிக்கு உன் தங்கச்சி ஃபோன் பண்ணா. நீ படுத்திருந்த."

"என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

"'உன் வீட்டப் பாத்துட்டு வந்ததுல இருந்து அக்காவுக்கு ஒரே வயித்தெரிச்சல்மா, படுத்துட்டா'ன்னு..."

டாக்டர் அறையாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? பதினொரு நாளா இத வாயத் தொறந்து சொன்னீங்களா?"

"எரியறது வயித்துக்குள்ளதானேன்னு..."

"பேசாதீங்க. இனிமே ஃபோன் அடிச்சா எடுக்காதீங்க!"

அவரை பஸ் நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"படிச்சுப் பாருடி. நெஞ்செரிச்சல். உங்க மாமா உளறிட்டாரு."

படித்தாள். உதடு துடித்தது, பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். எனக்கு உயிரே திரும்பி வந்தது போல இருந்தது. சிரிப்பு நின்றதும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கொஞ்சம்கூட இல்லியாக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவளுக்குப் பின்னால் அந்தப் படிக்கட்டு தெரிந்தது.

"இருந்துச்சு. கொஞ்சம்."

"தெரியும். நீ அந்தக் கைப்பிடியத் தடவுனதப் பாத்தேன். மாமா சொன்னது பொய்னு தோணியிருந்தா அன்னிக்கே வந்து சண்டை போட்டிருப்பேனே. நெசம்னு பட்டதாலதான் ஃபோன எடுக்கல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது.