மோரிஸ் நின்ற வாசல்

பாடையை இரண்டு தடவை உள்ளே நுழைத்துப் பார்த்துவிட்டு, கஜபதி அதைத் திரும்பவும் தெருவிலேயே இறக்கச் சொன்னார்.

"பூராது. ஒரு ஆளே வயித்த எக்கிகினுதான் பூரணும். இத்த எங்க உள்ள கொண்டார்றது?"

கேட்டுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே, தகரக் கூரையின் கீழ், அந்தப் பழைய மோரிஸ் மைனர் நின்றது. முன்சக்கரங்கள் தரையில். பின்பக்கம் சக்கரமும் இல்லாமல் அச்சும் இல்லாமல் மரக்கட்டைகளின் மேல். திருவேற்காட்டில் ஒரு கோழிக் கொட்டகைக்குள் கிடந்ததை உத்தமன் வாங்கி வந்து மூன்று வருஷமாகிறது. தொழிற்பேட்டைப் பட்டறையில் லேத் ஓட்டிக் களைத்த கையோடு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதன் அடியில் போய்ப் படுத்துவிடுவார். நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் மனைவி பார்வதத்தின் மடியில் தலை தொங்கிவிட்டது.

இப்போது கூடத்தில், தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு எல்லாம் ஆகிவிட்டது. ஐப்பசி வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எடுக்கவேண்டியதுதான் பாக்கி.

"காம்பவுண்டு சுவத்து மேல தூக்கிக் குடுத்துடலாம். அந்தாண்ட நாலு பேர் நின்னு வாங்கிக்கட்டும்" என்றார் கஜபதி. அவர் உத்தமனின் அண்ணன். பிள்ளை இல்லாத வீட்டில் கொள்ளிச்சட்டி அவர்தான் தூக்கவேண்டும்.

பார்வதம் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு இன்னா சிமென்ட் மூட்டையா மாமா, சுவத்து மேல ஏத்தி எறக்க? வாசல் வழியாத்தான் போவணும்."

"வாசல்லதான் இது நிக்குதே! இத்தக் கட்டிகினு மாரடிச்சுத்தான் அவன் உசுரே போச்சு. கட்டைய உருவிட்டு இழுத்து ரோட்ல போடறேன். நாளைக்கே காயலாங் கடைக்குப் போவட்டும்."

காரின் பக்கத்தில் நின்றிருந்த சுலைமான் மெதுவாகச் சொன்னார். உத்தமனோடு ஒரே பட்டறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் தகரக் கூரையின் கீழும் கூட்டு.

"இழுத்தா அடி கிழிஞ்சிரும் அண்ணாத்தே. அச்சு ரெடியா கீது. ஏத்திட்டா நாலு சக்கரத்துல தள்ளிடலாம். கொஞ்ச நேரம் குடு."

"பொணத்த உள்ள வெச்சிகினு கார் ரிப்பேரா?"

இருவரும் பார்வதத்தைப் பார்த்தார்கள்.

"ஏத்துங்க பாய்" என்றாள்.

பின்னச்சு சுவரோரமாகச் சாக்கின் மேல் கிடந்தது. உள்ளே புதுப் பல்சக்கரங்களை வைத்து உத்தமன் போன ஞாயிறுதான் மூடியிருந்தார். நான்கு பேர் அதைத் தூக்கி, தொங்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங் பட்டைகளின் மேல் நீட்டினார்கள். ஒரு பக்கம் சுலைமான் படுத்தார். மறுபக்கம் உட்கார்ந்த உறவுக்காரருக்கு எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை. அச்சு ஒரு முனையில் உட்கார்ந்தால் மறுமுனையில் விலகியது.

பார்வதம் எழுந்தாள்.

"எங்கடி போறே? தலமாட்ட உட்டுட்டு எழுந்திருக்கக் கூடாதுடி" என்று கஜபதியின் மனைவி அன்னம்மாள் கையைப் பிடித்தாள். பார்வதம் கையை விடுவித்துக்கொண்டு வந்து, முந்தானையை இழுத்துச் செருகி, சிமென்ட் தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். போன மாதம் இதே அச்சை ஏற்றி, சத்தம் சரியில்லை என்று திரும்ப இறக்கியபோதும் இந்தப் பக்கம் படுத்திருந்தது அவள்தான். விரலை விட்டுத் துழாவினாள். பட்டையின் நடு ஆணி தட்டுப்பட்டது. அது அச்சின் துளைக்குள் இறங்கவேண்டும்.

"பாய், கொஞ்சம் பின்னால தள்ளுங்க. இன்னும். போதும், வுடுங்க."

டொக்கென்று இறங்கியது. இந்தச் சத்தம் கேட்டால் மறுபக்கத்திலிருந்து, "பலே பார்வதம்!" என்று ஒரு குரல் வரும். இன்று சுலைமான் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

போல்ட்டுகளை முறுக்கியதும் சுலைமான் எழுந்து போய், காகிதம் சுற்றி வைத்திருந்த நீள ஷாஃப்டை எடுத்து வந்தார். கியர் பாக்ஸையும் பின்னச்சையும் இணைக்கிற தண்டு அது.

"தள்றதுக்கு இது எதுக்குடா?" என்றார் கஜபதி.

"தேவையில்லதான்." சுலைமான் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னிக்கு சாயங்காலம் வந்து போட்டுடலாம்னு சொல்லிகினு இருந்தான்."

கஜபதி வானத்தைப் பார்த்தார். உள்ளே கிடந்த தம்பியைப் பார்த்தார். பிறகு கட்டியிருந்த கோடி வேட்டியோடு தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"போல்ட்ட இப்டிக் குடு. நான் எடுத்துத் தரேன்."

ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கி, கட்டைகளை உருவினார்கள். கேட்டைத் தாண்டினால் தெரு கால்வாய்ப் பக்கம் சரிவு. யாராவது உள்ளே உட்கார்ந்து பிரேக் பிடிக்கவேண்டும். பின்சக்கரத்துக்குப் போகும் குழாயை அடைத்து வைத்திருந்ததால் முன்பிரேக் மட்டும்தான் பிடிக்கும், அதுவும் இரண்டு மிதி மிதித்தால்தான். பார்வதமே ஏறி உட்கார்ந்தாள். பின்னாலிருந்து ஏழெட்டுப் பேர் தள்ளினார்கள்.

கார் நகர்ந்தது. ஒரு முனகல்கூட இல்லை. கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பியதும் தானாகவே ஓட ஆரம்பித்தது.

"பிரேக்கு! அண்ணி, பிரேக்கு!"

ஒரு தடவை மிதித்தாள். மறுபடி மிதித்தாள். நின்றது.

"கால எடுத்துடாதீங்க. ஹேண்ட் பிரேக்கு இன்னும் மாட்டல. கல்லு கொண்டாறேன்" என்று சுலைமான் ஓடினார்.

அதற்குள் பறை முழங்கிவிட்டது. பாடை உள்ளே போனது. பெண்களின் அழுகை ஒரேயடியாக உயர்ந்தது.

"பார்வதம், எறங்கி வாடி! தூக்கறாங்கடி!" அன்னம்மாள் கேட்டில் நின்று கத்தினாள்.

காருக்கு முன்னால் சரிவு முழுக்கத் தெருப்பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கஜபதி கொள்ளிச்சட்டியோடு முன்னால் வர, உத்தமன் வாசல் வழியாக வெளியே வந்தார். காரின் கண்ணாடி போடாத ஜன்னலை ஒட்டி, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் போனார். மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தி இதழ்கள் அவள் தோளில் விழுந்தன. சுலைமான் ஒரு கருங்கல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஊர்வலத்தைக் குறுக்கே கடக்க முடியாமல் எதிர்ப்பக்கத்தில் நின்றார்.

பாடை தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்வதம் இரண்டு காலாலும் பெடலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.