திறந்த தொட்டிக்குத் தடை

கிரீச்சென்று பிரேக் சத்தம் கேட்டதும் பாலுசாமி கையிலிருந்த பம்ப் ஷாஃப்டைத் தொட்டிக்குள் நழுவவிட்டு எட்டிப் பார்த்தார். அரசாங்க ஜீப். அது அவர் பட்டறையைத் தாண்டிப் பக்கத்துப் பட்டறை வாசலில் போய் நின்றது. அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வராமல் எங்கே போகும்? மனுப் போட்டவரே அவர்தான்.

சிங்காநல்லூரின் அந்தச் சந்தில் அவருக்கும் லட்சுமிநாராயணனுக்கும் ஒரே தொழில். மோட்டார் கம்பெனிகள் அனுப்பும் உதிரி பாகங்களில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை டிசிஇ என்கிற கெமிக்கலில் முக்கி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரே முக்கில் இரும்பு கண்ணாடியாகிவிடும். ஆனால் அதன் ஆவி ஈரலையும் நரம்பையும் தின்றுவிடும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டுவிட்டது. இனி மூடிய மெசினுக்குள்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். திறந்த தொட்டிகளுக்கு இந்த மாதக் கடைசி வரைதான் அனுமதி.

கடைசி நாள் வரட்டும் என்று பாலுசாமி உட்கார்ந்திருக்க, லட்சுமிநாராயணன் உத்தரவு வந்த வாரமே மெசினுக்குச் சொல்லி வைத்து இறக்கிவிட்டார். பெரிய கம்பெனி ஆர்டரெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. அதைக்கூடப் பாலுசாமி பொறுத்துக்கொண்டிருப்பார். இஸ்மத் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பத்தொன்பது வருஷம் அவருடைய தொட்டியடியில் நின்ற ஆள் இஸ்மத். இரண்டு மாதம் முன்னால், தலை சுற்றுகிறது என்று சொல்லி வேலையிலிருந்து நின்றுகொண்டான். மூன்றாம் நாள் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் வேலை செய்கிறான். தலை சுற்றுகிறவனுக்கு அங்கே மட்டும் சுற்றாதா என்று பாலுசாமி வீட்டில் பொருமினார். அங்கேதான் மூடி போட்ட மெசினாச்சே என்று சொல்லிவிட்டு, மனைவி பூவாத்தாள் சோறு போட எழுந்து போய்விட்டாள்.

தினமும் நாலு மணிக்குச் சுவருக்கு அப்பால் டீ கிளாஸ் சத்தம் கேட்கும். கூடவே இஸ்மத்தின் சிரிப்பும். இங்கே இருந்தவரை அவன் அப்படிச் சிரித்ததே இல்லை. நாலு மணி ஆகப் போகிறது என்றால் பாலுசாமி வேலையே இல்லாமல் கிரைண்டரை ஓடவிடுவார்.

அந்த எரிச்சலில்தான் மனு எழுதினார். பக்கத்துப் பட்டறையின் பின்புறம் நாலு நீல டிரம் இருக்கிறது, மெசினை வெறும் கண்காட்சிக்கு வைத்துக்கொண்டு ரகசியமாகப் பழைய தொட்டியிலேயே வேலை நடக்கிறது என்று. கீழே, பொதுநலன் விரும்பி.

தொட்டியிலேயே கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல அங்கே போனார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ரூபினா பின்புறம் போய் டிரம்களைப் பார்த்தார். நாலுக்கும் சீல் வைத்திருந்தது. கழிவு எடுக்கும் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய பழைய கெமிக்கல். சீட்டும் தேதியும் சரியாக இருந்தன. பழைய தொட்டியைத் தேடினார். அது இருந்த இடத்தில் ஒரு துளசிச் செடி இருந்தது. மெசினின் கதவை மூடித் திறந்து பார்த்தார். எதிலும் குறையில்லை. இஸ்மத் ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்ல, லட்சுமிநாராயணன் அவன் தோளில் கை போட்டபடி நின்றார். பாலுசாமிக்கு அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிடலாமா என்றிருந்தது.

கிளம்பும்போது ரூபினா நின்றார். இரண்டு பட்டறைக்கும் பொதுவான சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சாக்கடை ஓட்டைக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. ஆவி அளவு மீறினால் கத்தும் கருவி. மெசினுக்குத்தான் ஏற்கெனவே ஒன்று மாட்டியிருக்கிறதே, அதற்கு இருபதடி தள்ளி இங்கே எதற்கு இன்னொன்று என்று கேட்டார்.

லட்சுமிநாராயணன் பிடரியைச் சொறிந்தார்.

பாலுசாமிக்கு உயிர் வந்தது. "நல்லாக் கேளுங்க மேடம். தரைக்கடியில என்னத்தப் பொதைச்சு வெச்சிருக்காங்களோ. மடியில கனமில்லாதவனுக்கு எதுக்குங்க ரெண்டு அலாரம்?"

"நான் மாட்டலீங்க. இஸ்மத்து கேட்டான்னு மாட்ட உட்டேன்," என்றார் லட்சுமிநாராயணன்.

"அப்படிங்களா? ஏன் இஸ்மத்து, புது மொதலாளிக்கு ராக்காவலும் நீதானா?"

இஸ்மத் பாலுசாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. அதிகாரியிடம்தான் சொன்னான்.

"அந்த ஆவி கனம்ங்க மேடம், அந்தப் பக்கத்துலிருந்து இந்த ஓட்டை வழியா தரையோடதான் வரும். பாலுசாமியண்ணன் இப்பத் தொட்டிக்கிட்ட ஒத்தையா நிக்கறாருங்க... இது கத்துச்சுன்னா, அவரு மயங்கி உழறதுக்குள்ள நான் அங்க ஓடிப் போயிருவனுங்க."