வாணி விழாவுக்குக் கழுவிய குழாய்கள்

மகாதேவிக்கு வந்தது அழுகையில்லை, ஆத்திரம். அவளுடைய பன்னிரண்டு சோதனைக் குழாய்களும் கவிழ்த்துவைக்கப்பட்டுப் பளபளவென்று நின்றன. எழுபது நாளாக அவற்றுக்குள்ளே, கூழ்போன்ற ஒரு கரைசலில், வெள்ளைப் பளிங்குப் படிகம் வளர்ந்துகொண்டிருந்தது. நம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிற அதே பொருள்தான். அசைக்கக்கூடாது, சூடேறக்கூடாது, அவசரப்படுத்தவே கூடாது. அவளது முதுமாணிப் பட்டமே அதற்குள்தான் இருந்தது.

"வாணி விழா எல்லே பிள்ளை, பூசைக்கு எல்லாம் துப்புரவாக்கவேணும்," என்றார் பல்கலைக்கழகத்து இரசாயனப் பகுதித் தலைவர் இராசநாயகம், ஆய்வுகூட வாசலில் மாவிலை கட்டியபடி. "கிணத்துத் தண்ணிச் சுண்ணாம்பு படிஞ்சு கிடக்கெண்டு நினைச்சிட்டன். நான்தான் யாகோப்பைக் கழுவச் சொன்னனான்."

யாழ்ப்பாணத்தில் தண்ணீர் கொதிக்கவைக்கும் எந்தக் கேத்திலுக்குள்ளும் அந்த வெள்ளை படிந்திருக்கும். எந்த வீட்டிலும் அதற்குத் தேசிக்காய்ப் புளிதான் மருந்து. ஊழியர் யாகோப்பும், பாவம், தேசிக்காய் பிழிந்து ஊறவைத்துத் தேய்த்துவிட்டார். புளி பட்டால் வாயிலுள்ள பல்லே கூசும். குழாயில் முளைத்தது நிற்குமா? அவரை அவள் நொந்துகொள்ளவில்லை. பெரிய படிப்புப் படித்த தலைவருக்குக் கண் எங்கே போனது? திரும்பச் செய்ய பொஸ்பேற்று உப்புக்கு எங்கே போவது? பொருளாதாரத் தடையில் தோட்டத்துக்கே உரமில்லை.

"ஷெல் அதிர்ச்சியில உடைஞ்சதெண்டு எழுதும்," தலைவர் குரலைத் தாழ்த்தினார். "ஆரும் கேள்வி கேக்கமாட்டினம். படிப்பு முடிக்க இன்னுமொரு வருசம் கூட்டித் தருவினம்."

அவளுக்கு உச்சி கொதித்தது. ஷெல் விழுந்த நாட்களில் மண்மூட்டை அடுக்கிக் காத்த குழாய்கள் அவை. ஒன்றில்கூடக் கீறல் விழவில்லை. செய்ததையும் செய்துவிட்டுப் பொய்யும் சொல்லித்தருகிறாரே, இந்த மனிசன்.

அவளது ஆய்வுக் குறிப்புக் கொப்பி சரஸ்வதி படத்தின் முன்னே, சந்தனம் பூசிப் பூசைக்கு அடுக்கியிருந்த புத்தகங்களுக்குள் இருந்தது. நேரே போய் உருவினாள்.

"பூசைக்கு வைச்சதைத் தொடக்கூடாது பிள்ளை."

"தொடவேண்டாமெண்டு குழாயிலையும் எழுதி ஒட்டினனான், சேர்."

எழுதினாள்: 'எழுபத்தோராம் நாள். பன்னிரண்டு குழாய்களும் தேசிக்காய்ப் புளியால் கழுவப்பட்டன. உத்தரவு: பகுதித் தலைவர்.' அந்தக் கூடுதல் வருடம் இனிக் கிடைக்காது என்று தெரிந்தேதான் எழுதினாள்.

"கையெழுத்து வையுங்கோ, சேர்."

இராசநாயகம் பேனையைத் தொடவில்லை. யாகோப்புத்தான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"கழுவினது நான்தானே, பிள்ளை. தாரும், நான் வைக்கிறன்."

தலைவருக்கென்று ஒரு வரியை வெறுமையாக விட்டு, அதன் கீழே தன் பெயரை எழுதினார்.